செக்கிங் இரும்பு அறைக்குள் போன நாள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் மனிதர்கள் இரண்டே வகை. செக்கிங்கிடம் மாட்டிக்கொண்டவர்கள், இனிமேல் மாட்டப்போகிறவர்கள். நான் முதல் வகை. ‘நான் இரண்டிலும் இல்லை’ என்று சிரிக்கிறவர்கள் கூடுவாஞ்சேரி பக்கம் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அதுதான் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பஸ் கண்டக்டராகச் சேர்ந்து, டிக்கெட் பரிசோதகராக ஓய்வு பெற்றவர். ‘செக்கிங் ஏறிட்டாங்கடா’ என்று பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்புமே, அந்தக் குரலுக்குக் காரணமானவர். ஓய்வு பெற்ற பிறகு பரிசோதிக்க பஸ் இல்லாததால் கண்ணில் பட்டதையெல்லாம் பரிசோதித்தார். ரேஷன் கடை எடை மெஷின், கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை உட்கார்ந்தவன், சாவு வீட்டில் ரொம்பச் சத்தமாக அழுகிறவர் செத்தவருக்கு என்ன உறவு என்பது வரைக்கும் எதையும் விட்டதில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு நான் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் நுரையீரல் பிரிவில் வேலை பார்த்தேன். ஆராய்ச்சிக்கு ஒப்புக்கொண்ட நோயாளிகளைச் சமாதானம் செய்து, வேனில் ஏற்றி, கொண்டுபோய், பத்திரமாகக் கொண்டுவந்து விடுவது என் வேலை. முதல் நாள் வராந்தாவில் நின்று நான் பெயர்களைக் கூப்பிட்டபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கனத்த மனிதர் எழுந்து வந்து கையை நீட்டினார். கை கொடுக்கிறார் என்று நினைத்து நானும் நீட்டினேன்.

“கார்டு காட்டு.”

காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“போட்டோவுல மீசை கீது. மூஞ்சில காணோம். ரெண்டுல எது நீ?”

மீசையை எடுத்தேன் என்று சொன்னால் போதும் என்று நினைத்தது என் அறியாமை. எப்போது எடுத்தேன், ஏன் எடுத்தேன், வீட்டுக்குத் தெரியுமா என்பது வரைக்கும் விசாரணை போனது. வராந்தா முழுக்க உட்கார்ந்திருந்த இருமல் நோயாளிகள் இருமலை நிறுத்திவிட்டு என் மீசைக் கதையைக் கேட்டார்கள்.

செக்கிங்குக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். வாலிபத்தில் பிடித்த சிகரெட் பாதி, படிக்கட்டில் நின்று வாங்கிய டீசல் புகை பாதி. ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு ஸ்டாப்பிங்கில் நின்று மூச்சை ஏற்றிக்கொள்வார். அதற்காகப் பேச்சைக் குறைத்தாரா என்றால் இல்லை. கேட்கிறவர்தான் காத்திருக்க வேண்டும்.

எங்கள் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி இதுதான். இந்த நோய் நுரையீரலோடு நிற்பதில்லை, மெல்ல உடம்பின் தசையையும் தின்கிறது. எடை மெஷினில் ஏறினால் அது தெரியாது. தசை போன இடத்தில் நீரும் கொழுப்பும் வந்து உட்கார்ந்து கணக்கைச் சரிக்கட்டிவிடும். ஆனால் உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் பெரும்பங்கு தசைக்குள்தான் இருக்கிறது. அதை மொத்தமாக அளந்துவிட்டால் தசை எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துபோகும்.

“ரத்தத்துலதான் எடுத்துப் பாத்துட்டீங்களே... பொட்டாசியம்... அப்பால இன்னாத்துக்கு இன்னொரு தபா?” என்று கேட்டார் செக்கிங்.

டாக்டரம்மா கெட்டிக்காரர். ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லத் தெரியும். “ரத்தத்துல இருக்கிறது ரோட்டுல ஓடுற பஸ் மாதிரிங்க. ரோட்டுல நாலு பஸ் ஓடுறதைப் பாத்து டிப்போ நிறைய பஸ் இருக்குன்னு சொல்ல முடியுமா? நான் டிப்போவை எண்ணப் போறேன்.”

“டிப்போக்குள்ள... போயா?”

“வெளிய நின்னே. உங்க உடம்புக்குள்ள இருக்கிறது எதுவும் அந்த ரூமுக்குத் தப்பாது.”

செக்கிங்கின் முகம் மாறியது. தன்னைவிடப் பெரிய செக்கிங் ஒன்று ஊருக்கு வந்துவிட்டதே என்கிற தொழில் பொறாமை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த அறை மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தது. நான்கு சுவரும் கூரையும் தரையும் கனமான இரும்பு. கதவும் இரும்பு. உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, அதன் மேல் கவிழ்ந்து நிற்கும் கருவிகள். நம் உடம்பிலிருக்கும் பொட்டாசியம் இயற்கையாகவே துளியூண்டு கதிர்வீச்சை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறதாம். வெளியுலகத்தின் கதிர்வீச்சு உள்ளே வராமல் இரும்பால் மறைத்துவிட்டு, உடம்பிலிருந்து வருவதை மட்டும் அந்தக் கருவி எண்ணும். ஊசி இல்லை, வலி இல்லை. அசையாமல் சாய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சு முட்டுகிறவனை இரும்புப் பெட்டிக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தி ‘அவ்வளவுதான்’ என்று சொல்வது எளிது. சாத்தும்போது நோயாளிகளின் கண்ணைப் பார்ப்பவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். அந்தக் கண்களைத் தினமும் நான் பார்த்தேன்.

முதல் வேனிலேயே செக்கிங் கதவோரச் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஆள் ஏற இறங்க, வண்டி கிளம்ப, நிற்க எல்லாம் அவர் உத்தரவு. டிரைவர் முருகன் இருமுறை என்னிடம் ராஜினாமா செய்தான்.

மதுராந்தகத்து நெல் வியாபாரி பெரியவர் ஒருவர் முதலில் உள்ளே போனார். எலும்பும் தோலுமான மனிதர். கணக்கு வந்ததும் அறையைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்கர் சார் கண்ணைக் கசக்கினார். பெரியவர் உடம்பில் ஒரு பயில்வானின் பொட்டாசியம் இருந்தது. கருவியில் கோளாறா, ஆராய்ச்சியே கோளாறா என்று எல்லோரும் மலைத்து நின்றபோது, செக்கிங் பெரியவரைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

“மடில இன்னா கீது?”

பெரியவர் தயங்கித் தயங்கி அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்தார். குலதெய்வக் கோயில் விபூதி, கொழுக்கட்டை அளவுக்கு. இரும்பு அறைக்குத் துணையாகக் கொண்டுவந்தாராம். சாணச் சாம்பலில் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கும் என்று பாஸ்கர் சார் தலையில் அடித்துக்கொண்டார்.

“சாமிய கூட்டிகினு வந்தா... சாமிக்கும் தனியா... டிக்கெட்டு எடுக்கணும் பெரியவரே” என்றார் செக்கிங்.

அன்றிலிருந்து அறைக்கு வெளியே சோதனைப் பதவி அவருக்கு வந்து சேர்ந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். அந்தக் கரையோர மணலில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, ஒட்டிக்கொண்டு வந்தால் கணக்குக் கெடும் என்று பாஸ்கர் சார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். போதாதா? சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த மீன்காரம்மாவைக் குளிக்க அனுப்பி, திரும்பி வந்ததும் விரல் நகங்களுக்கு ஒரு பிரஷ் கொடுத்து, பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தார்.

“யோவ், நா இன்னா நண்டா? இந்தத் தேய் தேய்க்க சொல்றே!”

“கால் வெரலையும் தேய்மா. கடலே... உங்கூட வந்துகீது.”

பரீட்சைக்குப் போகிற மாதிரி நினைத்து, வாழைப்பழத்தில் பொட்டாசியம் உண்டென்று ஒருவர் வழியில் ஒரு சீப்பை முழுங்கிவிட்டு வந்தார். வாயை மோந்து பார்த்தே செக்கிங் அவரைப் பிடித்துவிட்டார். “பழத்த துன்னுட்டு... பாஸ் பண்ணலாம்னு பாத்தியா?”

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் ஒன்றை நான் கவனித்தேன். வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் வந்துவிட்டார்கள். செக்கிங் மட்டும் போகவில்லை. ஒருநாள், “நா உள்ள பூட்டா... இதுங்கள யாரு பாக்கறது?” இன்னொரு நாள் சளி. இன்னொரு நாள் காலில் வீக்கம், நாற்காலியில் சாய முடியாது. அடுத்த முறை ராகு காலம். வாழ்நாளெல்லாம் ராகு காலத்தில் பஸ் ஏறிச் சோதித்த மனிதர்! மூடிய அறை என்றால் பயம் போலிருக்கிறது என்று பாஸ்கர் சார் பரிதாபப்பட்டார்.

டாக்டரம்மா பரிதாபப்படவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவர் முகத்தைப் பாத்தீங்களா? மாசாமாசம் வட்டமாகிட்டே போகுது. கையையும் பாருங்க, குச்சியாகிட்டே போகுது. எடை மட்டும் அப்படியே இருக்கு. எனக்கு இது பிடிக்கல. தசை போய்ட்டிருந்தா மூச்சு விடுற தசையும் சேந்துதான் போகும். அப்புறம் ஒரு சாதாரண சளி வந்தாக்கூட தாங்க மாட்டார். அவரை எப்படியாவது அந்த ரூமுக்குள்ள உக்கார வைங்க.”

எப்படியாவது என்றால் எப்படி? அவரைவிடப் பெரிய அதிகாரியைக் கொண்டுவருவதுதான் வழி. அவர் மனைவி சுலோச்சனா அக்காவுக்குப் போன் போட்டேன். தாம்பரம் தாண்டி ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை செய்கிறவர். லீவு போட்டுவிட்டு மறுநாளே வேனில் வந்து உட்கார்ந்தார். சின்ன உருவம், தோளில் பெரிய பை. செக்கிங் கதவோரச் சீட்டுக்குப் போனபோது, “இங்க வந்து குந்துங்க” என்றார். குந்தினார்.

அன்று வேனில் செக்கிங் இன்ஹேலரை எடுத்து இழுத்தார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இழுத்தார். மாமல்லபுரம் வருவதற்குள் அவர் எத்தனை முறை இழுத்தார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. போதும் என்று நான் சொன்னதற்கு, “உள்ள பூட்டா இழுக்க முடியாதுபா” என்றார். கண் என்னைப் பார்க்கவில்லை.

குளித்து, அங்கே கொடுத்த கவுனை மாட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றார். அவரைச் சோதிக்க யாருக்கும் துணிவு வரவில்லை. அவரே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். “ஒண்ணியும் இல்ல. பாத்துக்கோ.”

“கஷ்டமா இருந்தா கையைத் தூக்குங்க அண்ணே. கேமராவுல பாத்துக்கிட்டே இருப்போம், உடனே திறந்துடுவோம்” என்றார் பாஸ்கர் சார்.

கதவு சாத்திக்கொண்டது. நானும் பாஸ்கர் சாரும் திரைக்கு முன்னால். சுலோச்சனா அக்கா கதவை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில். ஒலிபெருக்கியில் முதலில் அவர் குரல்தான் வந்தது.

“இன்னாபா... வெளிய எல்லாம்... ஒய்ங்கா கீறீங்களா?”

“பேசாதீங்க அண்ணே. பேசினா உடம்பு அசையும்.”

பேச்சு நின்றது. கணக்கு ஓட ஆரம்பித்தது. பாஸ்கர் சார் கொஞ்ச நேரம் பார்த்தார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“கம்மியா வருது” என்றார் மெதுவாக.

“எவ்ளோ கம்மி?”

“பாதியில சொல்லக் கூடாது. ஆனா ரொம்பக் கம்மி. அந்த மதுராந்தகம் பெரியவர் விபூதி இல்லாம திரும்ப உக்காந்தாரே, அவருக்கும் கீழ.”

நான் திரையில் செக்கிங்கைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைக்கூடச் சும்மா போகவிடாத மனிதர் கால் விரலைக்கூட அசைக்காமல் கிடந்தார். இப்படி அசையாமல் யாரும் இருந்ததில்லை, நல்ல ஒத்துழைப்பு என்றார் பாஸ்கர் சார். செக்கிங் ஒத்துழைக்கிறார் என்றால் ஏதோ தப்பு நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

மைக்கை அழுத்தினேன். “அண்ணாத்த, கையத் தூக்குங்க.”

அசைவில்லை.

“அண்ணாத்த!”

வலது கையின் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை சுரண்டின. அப்படியே நின்றுவிட்டன. பிறகு ஒலிபெருக்கியில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். “தூக்க... வர்ல.”

பாஸ்கர் சார் பித்தானை அழுத்தினார். அந்தக் கதவுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரி மெல்ல, மெல்ல நகர்ந்தது. சுலோச்சனா அக்கா எழுந்து இடைவெளியில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அந்தக் கதவின் எடைக்கு முன்னால் அவர் ஒரு கொசு. தள்ளியதால் கதவு வேகமாக நகரவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நானும் சேர்ந்து தள்ளினேன்.

உள்ளே அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். “காலு கீது. ஆனா வர்ல” என்றார், யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி. மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஓடியது, நின்றது, இரண்டு அடி சேர்ந்து அடித்தது, மறுபடி நின்றது. என் நாடியும் கூடவே நின்றது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லி முடிக்குமுன் அவர் புரிந்துகொண்டார். “வேன்ல இருக்கிற ஆக்ஸிஜனை வைங்க. இன்ஹேலர் வேண்டாம். ஆம்புலன்ஸ் இங்கேருந்து அங்க வந்து சேருற நேரத்துல நீங்க இங்கேயே வந்துடலாம். கிளம்புங்க.”

நான்கு பேர் தூக்கி வேனில் படுக்கவைத்தோம். முருகன் கடற்கரைச் சாலையிலிருந்து திரும்பித் திருக்கழுக்குன்றம் வழியில் பறந்தான். அவர் தலை சுலோச்சனா அக்கா மடியில். நான் மணிக்கட்டை விடவில்லை. நாடி ஒவ்வொரு முறை தடுக்கும்போதும் அடுத்த அடி வருமா என்று காத்திருந்தேன். அந்த இடைவெளியில் வெளியே ஒரு தென்னை மரமோ, ஒரு கடையின் பெயர்ப்பலகையோ கடந்து போகும். அப்புறம்தான் அடுத்த அடி வரும்.

திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ். நடு ரோட்டில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. முருகன் ஹாரனை அழுத்திய அழுத்தில் கை வலித்திருக்கும். பஸ் நகரவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து, “இன்னா, ஒனக்கு மட்டும்தான் அவசரமா?” என்று சண்டைக்கு ஜன்னலில் தலையை நீட்டினார். உள்ளே படுத்திருந்த முகத்தைப் பார்த்தார். அந்த முகத்திலும் கண் மட்டும் உருண்டு அவரைப் பார்த்தது. கண்டக்டரின் கை தன்னால் தோளில் கிடந்த பணப்பைக்குப் போனது.

“ஐயோ, செக்கிங்கு!”

எத்தனை வருஷம் ஆனால் என்ன, பயம் பயம்தான். ஓடிப்போய் பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினார். பஸ் அப்படியே ஓரமாக ஒதுங்கியது. எதிரில் வந்த லாரியையும் கண்டக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். நாங்கள் கடந்தபோது ஆக்ஸிஜன் மாஸ்குக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. சுலோச்சனா அக்கா குனிந்து கேட்டுவிட்டு எங்களிடம் சொன்னார்: “புட்போர்டுல ஆளு தொங்குதாம்.”

நான் சிரித்தேன் என்றா நினைக்கிறீர்கள்? அழுகை வந்தது. வாயைத் திறந்தால் வெளியே வந்துவிடும் என்று பேசாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். ரத்தம் எடுத்த வேகத்தில் முடிவு வந்தது. ரத்தத்திலும் பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. டிப்போவும் காலி, ரோட்டிலும் பஸ் இல்லை. கை கால் விழுந்ததும் இதயம் தடுக்கியதும் அதனால்தான்.

“கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை நான் கொடுத்தது, அது பொட்டாசியத்தை இறக்கும். இன்ஹேலரும் அப்படித்தான், அது இன்னைக்கு அதிகம். ஆனா இது ரெண்டும் மட்டும் இவ்ளோ இறக்காது” என்று டாக்டரம்மா அவர் காதருகில் குனிந்தார். “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“ஒண்ணியும் இல்ல.”

“நான் மருந்து ஏத்தணும். என்ன உள்ள போயிருக்குன்னு தெரியாம ஏத்துறது ஆபத்து. சொல்லுங்க.”

செக்கிங் சுவரைப் பார்த்தார். மானிட்டர் தடுக்கித் தடுக்கிக் கத்தியது. பிறகு மனைவியை நோக்கி, “சுலோ... நீ போயி ஒரு டீ சாப்ட்டு வா” என்றார்.

சுலோச்சனா அக்கா போகவில்லை. தோள்பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கையை விட்டு, ஒரு மாத்திரை அட்டையை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

“சத்து மாத்திரைன்னு சொன்னாரும்மா. தெனமும் துன்றாரு. வெளிய போற எடத்துல மறந்துட்டா குடுக்கலாம்னு நானும் ஒரு அட்டைய பையில வெச்சிகினே சுத்தறேன்.”

சின்ன வெள்ளை மாத்திரை. டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு முட்டலுக்கு டாக்டர் பார்த்துச் சில நாள் மட்டும் கொடுக்கிற ஸ்டீராய்டு. செக்கிங் அதை மருந்துக் கடையில் தானாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறார். முதலில் கொஞ்சம், பிறகு அதிகம். வட்ட முகம், வீங்கிய கால், குச்சிக் கை, இறங்கிய பொட்டாசியம் எல்லாவற்றுக்கும் விடை அந்த அட்டையில் இருந்தது. இரும்பு அறைக்குள் போகாமல் அவர் தப்பித்துக்கொண்டே இருந்ததற்கும் விடை அதுதான். உடம்புக்குள் இருப்பதை எல்லாம் அந்த அறை காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பியிருக்கிறார். ஆயுசு முழுக்க டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்தவர், தான் பிடிபடுகிற நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

பொட்டாசியம் ஏற்ற ஆரம்பித்தார்கள். வேகமாக ஏற்றினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடுமாம். அதனால் சொட்டுச் சொட்டாக. பாட்டிலையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்றோம். டாக்டரம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னார். சாயங்காலம் ஆகும்போது தடுக்கல் குறைந்தது. செக்கிங் முதலில் ஒரு விரலை மடக்கினார். பிறகு முழங்கையை. அடுத்து அந்தக் கையை நீட்டி நர்ஸின் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்க்க முயன்றார். டாக்டரம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எதுக்குங்க சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். கோபம் இல்லாமல்தான் கேட்டார்.

சுலோச்சனா அக்கா அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். அவரைக் கண்ணால் காட்டிச் செக்கிங் சொன்னார்:

“கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்ல... பிரிட்ஜு கீதுல்ல. இது தெனமும் வேலைக்குப் போவுது... அந்தக் கம்பெனிக்காரன் நாளு பூரா நிக்க வெச்சே... வேல வாங்கறான். பை கனம். நா தூக்கிகினு... ஏத்தி வுடுவேன். போன வருசம்... ஏற முடியல. பாதியில குந்திட்டேன். இது பைய வாங்கிகினு... ஓடுது. அந்த மாத்திர போட்டா... ஏற முடிஞ்சிது. அவ்ளோதான்.”

அந்தப் பாலத்தில் ஏறுவதற்காக அவர் விழுங்கிய மாத்திரைதான் ஏறுகிற காலின் தசையை உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது. அதை அவரிடம் யார் சொல்வது? பிறகு ஒருநாள் டாக்டரம்மாவே பக்குவமாகச் சொன்னார். அன்றைக்கு சுலோச்சனா அக்காதான் பேசினார்.

“யோவ், நா பையத் தூக்க முடியாதுன்னு ஒன்னாண்ட எப்பனா சொன்னனா?”

செக்கிங் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் உடற்பயிற்சி, முட்டை, பருப்பு, வாயில் வைக்க முடியாத ஒரு பொட்டாசியம் மருந்து. “இத செஞ்சவன... மொதல்ல உள்ள தள்ளணும்” என்று திட்டிக்கொண்டே குடித்தார். வெள்ளை மாத்திரை படிப்படியாகக் குறைந்து நின்றது. மறுபடி இரும்பு அறைக்குப் போனபோது யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவரே போய் உட்கார்ந்தார். இம்முறை பேசக்கூடாது என்று பாஸ்கர் சார் சொல்லவேயில்லை. கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது. பெரிய ஏற்றமில்லை, நுரையீரல் போனது போனதுதான். ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது நின்று, ஏற ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார், ஜலதோஷம் என்றார்.

நானும் கூடுவாஞ்சேரிக்காரன்தான். ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஸ்டேஷனுக்குப் போனேன். பாலத்துக்குக் கீழே கூட்டத்தில் அவர்கள் இரண்டு பேரும். பை அவர் தோளில். கைப்பிடியைப் பிடித்து, ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு படி, ஒரு மூச்சு என்று ஏறினார். இடித்துக்கொண்டு ஓடியவனைப் பார்த்து, “டேய், வண்டி இன்னும்... சிக்னல்லயே வர்ல” என்று அதட்டினார். முதல் திருப்பம் வரைக்கும் ஏறினார். அங்கே நின்று பையைக் கழற்றி மனைவியின் தோளில் மாட்டி, வாரைச் சரி செய்துவிட்டார். மிச்சப் படிகளை சுலோச்சனா அக்கா ஏறினார். மேலே போய்த் திரும்பிக் கையைக் காட்டினார். அவருடைய ரயில் வந்து, போகும்வரை செக்கிங் அந்தத் திருப்பத்திலேயே நின்றிருந்தார்.

நான் ஏறிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். “சீசன் டிக்கெட்டு காட்டு.”

காட்டினேன். தேதியைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“எறங்கலாமா?” என்று தோளைக் கொடுத்தேன்.

“நா இன்னா கெய்வனா?” என்றார். சொல்லிவிட்டு, கூட்டம் குறைகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, கையை என் தோளில் வைத்தார். நல்ல கனமான கை. கீழே என் செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது.

“ஒன் வண்டி வந்துட்ச்சி. ஓடு.”

“போகட்டும் அண்ணாத்த. அடுத்ததுல போறேன்” என்றேன். ஒரு படி, ஒரு மூச்சு என்று இரண்டு பேரும் இறங்க ஆரம்பித்தோம்.